மடையடியிலிருந்து உப்சாலாவுக்கு

சுவீடனில் உள்ள உப்சாலா பல்கலைக்கழகத்தில் அமைதி, மோதல் ஆய்வு முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்கிறார்: குளிர் தாங்குமா, சாப்பாடு எப்படி, இதில் பிழைக்க முடியுமா, காவிரியையே ஆய்வாக எடுக்கலாமா?

குளிருக்குப் பூட்ஸ் இங்கே வந்து வாங்குங்கள். சாப்பாடு உங்கள் கையில். முருங்கைக்காய்கூடக் கிடைக்கும், விலையை மட்டும் ரூபாயில் போட்டுப் பார்க்காதீர்கள்.

பிழைப்புதான் விஷயம். முனைவர் பட்டத்துக்கு இங்கே சம்பளம் உண்டு. அதை நம்பி நிலத்தை அடகு வைத்து முதுகலைக்கு வராதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2011 முதல் கட்டணம். முனைவர் இடங்களோ மிகக் குறைவு. அது முடிந்தாலும் நிரந்தரம் கிடையாது. 2 வருடம், 1 வருடம், 8 மாதம் என்று ஒப்பந்தத்திலேயே எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பொங்கல் விழாவில் ஐடிக்காரர்கள், "அண்ணே, சமாதானத்துக்குக்கூடவா படிப்பு?" என்பார்கள். அவர்கள் இரண்டாவது வீடு வாங்கும்போது நான் வாடகை வீட்டில் சாவு எண்ணிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உப்சாலாவில் உலகச் சண்டைகளைக் கணக்கெடுக்கும் தரவுத் திட்டத்தில் சண்டையில் வருடத்துக்கு 25 பேராவது செத்தால்தான் ஆயுத மோதல். 1000 என்றால் போர். அரசு ஒரு தரப்பாக இருக்க வேண்டும். அரசு இல்லாத சண்டைக்கும், நிராயுதபாணிகளைக் கொன்றதற்கும் தனிக் கணக்கு, அதுவும் 1989-இலிருந்துதான். வந்த புதிதில் ஒரு கருத்தரங்கில் வெண்மணியைச் சொன்னேன். 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட தலித் கூலிக் குடும்பங்கள், ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டவர்கள் 44 பேர். கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "இதை எந்த வகையில் சேர்ப்பீர்கள்?" கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊர், வெண்மணி சைக்கிள் தூரம். எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. ஈழத்தமிழர் கடையில் ஆய்வுக்குக் குறிப்பெடுக்கிற நோட்டை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அண்ணன் அரிசி மூட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, "எங்கட செத்தவீடு உங்களுக்குப் படிப்போ?" என்றார். காசும் வாங்கவில்லை. அந்த அரிசியைச் சமைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. நம் ஊர் ஆட்களில் சிலர் இவர்களை இன்னும் 'அகதி' என்றே பேசுவார்கள். நமக்கு முன்னால் வந்து கோயிலும் தமிழ்ப் பள்ளியும் கட்டி வைத்தவர்கள் இவர்கள். அந்தப் பேச்சில் சேராதீர்கள்.

காவிரியா? எடுங்கள். ஆனால் 1924 ஒப்பந்தம், 1990 நடுவர் மன்றம், கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டும் என்று அது 2007-இல் சொன்ன 192 டிஎம்சியை 2018-இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆக்கியது, இதையெல்லாம் டெல்லியில் உட்கார்ந்தே எழுதலாம். கடைமடையில் பிறந்தவர் மடையடிச் சண்டையை எழுத வேண்டாமா?

அப்பாவுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வரப்புத் தகராறு, இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் முறைத் தண்ணீர் வந்த ராத்திரிகளில், தன் வயல் பாய்ந்ததும் அவர் எங்கள் திண்ணையை மண்வெட்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார். அப்பா முண்டாசைக் கட்டிக்கொண்டு எழுந்து போவார். தூக்கத்தில் எனக்கு அந்தத் தட்டு மட்டும் கேட்கும். சம்பா அறுப்பு முடிந்ததும் மறுபடி வரப்பு, மறுபடி பஞ்சாயத்து.