"மதுரை" என்று தேடினால் "மதில்" வருவது ஏன்?

உங்கள் வகுப்பின் தேடுபொறியில் உள்ள கோளாறு, முடிவுகளை வரிசைப்படுத்தும் தரவரிசைச் சூத்திரமான பிஎம்25-இல் இல்லை; ஆவணங்களைச் சொற்களாகப் பிரிக்கும் நிரல் வரியில்தான் இருக்கிறது. ஆகவே அச்சூத்திரத்தின் எண்களை மாணவர்கள் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

"மதுரை" என்று தேடினால் மதில், மதியம் உள்ள பக்கங்களும் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பைத்தான் நிரல்மொழியில், எழுத்துக் கோலங்களைத் தேடப் பயன்படும் 'ரீ' (re) தொகுதியில், பின்சாய்கோட்டுடன் டபிள்யூ சேர்ந்த குறியீட்டைக் (\w) கொண்டு சொற்களைப் பிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது தமிழின் துணைக்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாததால், "மதுரை" என்பது "மத", "ர" என்றும், "மதில்" என்பது "மத", "ல" என்றும் உடைகின்றன. இரண்டுக்கும் "மத" பொதுவாகிவிடுகிறது.

"தல்லாகுளம்" என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்து, கிடைக்கும் பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள். "தல", "ல", "க", "ளம" என நான்கு துண்டுகள் வந்தால் காரணம் இதுவேதான். அக்குறியீட்டுக்குப் பதிலாக யூனிகோடின் தமிழ்ப் பகுதியை, அதாவது பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை, எழுத்துத் தொகுப்பாகக் கொடுத்து, எந்தச் சொல் எந்த ஆவணத்தில் உள்ளது என்று காட்டும் சுட்டியை மீண்டும் முழுவதுமாக உருவாக்குங்கள். பழைய சுட்டியை வைத்துக்கொண்டு தேடலை மட்டும் திருத்தினால் அநேகமாக எதுவுமே கிடைக்காது.

ஓர் எச்சரிக்கை: "மதுரையில்", "மதுரைக்கு" ஆகியவை இதுவரை அந்தப் பிழையின் தயவில்தான் அகப்பட்டன. திருத்திய பின் அவை விடுபடும் என்பதால், வேற்றுமை உருபுகளை நீக்கும் படி ஒன்று தேவைப்படும். அதில் ஐகாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், வறுத்த கடலையைத் தேடுபவர் கடலுக்குப் போய்விடுவார். விதிவிலக்குப் பட்டியல் ஒன்றை மாணவர்களையே தொகுக்கச் சொல்லுங்கள்.