மார்பகச் சீரமைப்புக்குப் பின் மீண்டும் மருத்துவமனைக்குப் போக நேருமா?

கேள்வி: என் அக்காவுக்கு (வயது 46) மார்பகப் புற்றுநோய். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் இடது மார்பகத்தை அகற்றி, வயிற்றுச் சதையைக் கொண்டு அப்போதே சீரமைக்கவும் இருக்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, எடையும் அதிகம். இதே சிகிச்சை பெற்ற எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர், சீழ் பிடித்து இரண்டே வாரத்தில் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார். அக்காவுக்கும் அப்படி ஆகுமா?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: வீடு திரும்பியவர்கள் மீண்டும் சேர்க்கப்படுவதற்குக் கிருமித் தொற்றே முதன்மையான காரணம். காயம் பிரிவது, உள்ளே இரத்தமோ நீரோ கட்டுவது, இடம் மாற்றி வைத்த சதைக்கு இரத்த ஓட்டம் குறைவது ஆகியவையும் உண்டு. உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ அளவு) 30-ஐத் தாண்டியவர்கள், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுப்படாதவர்கள், புகைப்பவர்கள், முன்பே மார்பில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்கள், நீண்ட நேர அறுவைக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு இந்த வாய்ப்பு கூடுதல். அக்காவுக்கு இவற்றில் இரண்டு இருப்பதால் கவனம் கூடுதலாக வேண்டும். அதற்காகப் பக்கத்து வீட்டில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடந்தே தீரும் என்று கலங்க வேண்டாம்.

எடையை ஒரே மாதத்தில் பெரிதாகக் குறைக்க முடியாது, அதற்காகப் பட்டினி கிடக்கவும் கூடாது. ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இப்போதே செய்து, அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் யாரேனும் பீடி, சிகரெட் புகைத்தால், அந்தப் புகை அக்காவின் அருகில் வரவே கூடாது. நிக்கோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், புதிதாக வைத்த சதையோ அந்தக் குழாய்களை நம்பித்தான் பிழைக்கிறது.

வீடு திரும்பும்போது, அறுவை செய்த இடத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் உடலில் இருக்கக்கூடும். கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே அதைத் தொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, அளவையும் நிறத்தையும் நாட்காட்டித் தாளில் குறித்து வையுங்கள். பொதுவாக ஒரு நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே குறைந்த பிறகுதான் குழாயை எடுப்பார்கள். சிவப்பாகத் தொடங்கும் நீர் நாளடைவில் வெளிர் மஞ்சளாக மாறுவது நல்ல அறிகுறி. அது கலங்கலாகி நாற்றமெடுத்தாலோ, திடீரென்று செந்நிறமாகப் பெருகினாலோ உடனே தெரிவிக்க வேண்டும்.

நம் ஊர் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வலிக்கிறது என்று வெந்நீர்ப்பை ஒத்தடமோ சூடான தைலமோ வைக்கவே வைக்காதீர்கள். சீரமைத்த மார்பில் தொடுஉணர்வு குறைந்திருப்பதால், தோல் வெந்து போவதுகூட அவருக்குத் தெரியாது.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினாலோ, தோல் சிவந்து சூடானாலோ, மார்பின் நிறம் நீலமாகவோ வெளிறியோ மாறினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தவும் வேண்டாம். அறுவை செய்த குழுவைத் தொலைபேசியில் அழையுங்கள். நள்ளிரவானால், டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன அறுவை நடந்தது என்பது அந்தத் தாளில் இருந்தால்தான், அங்குள்ள மருத்துவர் தாமதமின்றி உரிய சிகிச்சையைத் தொடங்க முடியும்.