கையெழுத்துப் போடும் முன்: வணிகம் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு

"பையன் ரொம்ப நேர்மை. வணிகம் படிக்க ஆசைப்படுகிறான். அந்த உலகத்தில் தாக்குப்பிடிப்பானா?" என்று கேட்கும் பெற்றோரில் இரண்டு வகை உண்டு. பிள்ளை ஏதாவது வம்பில் மாட்டிக்கொள்வானோ என்று பயப்படுகிறவர்கள் ஒரு வகை. நேர்மை, நேர்மை என்றே இருந்து முன்னேறாமல் போய்விடுவானோ என்று கவலைப்படுகிறவர்கள் இன்னொரு வகை. இரு தரப்புக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நேர்மைக் குணம் வீட்டிலிருந்து வந்துவிடும். அதை அலுவலகத்தில் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்பதைத் தனியாகப் படிக்க வேண்டும். கல்லூரிப் பாடத்தில் அந்தப் பகுதி அநேகமாக இருக்காது.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்கப் பழக்குங்கள். சட்டம் என்பது மீறினால் தண்டனை என்று அரசு வகுத்த எல்லை. ஒழுக்கம் என்பது ஒருவர் தன் மனசாட்சிப்படி வைத்திருக்கும் அளவுகோல். தொழில் நெறி என்பது ஒரு தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் எழுதிவைத்துக்கொண்ட விதி. மீறினால் சிறை இல்லாவிட்டாலும் உரிமம் போகலாம். இந்த மூன்றும் எப்போதும் ஒரே பதிலைச் சொல்லாது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கு நிற்கிறது. விதிப்படி கிடைக்க வேண்டிய அனுமதிதான், ஆனால் சீக்கிரம் முத்திரை குத்த அதிகாரி ஒரு சிறு தொகை எதிர்பார்க்கிறார். வெளிநாட்டு லஞ்சத்தைத் தடுக்கும் அமெரிக்காவின் 1977 சட்டம், வழக்கமான அரசு வேலையை விரைவுபடுத்தத் தரும் இப்படிப்பட்ட தொகைக்குக் குறுகிய விலக்கு தருகிறது. பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டத்தில் அந்த விலக்கே கிடையாது. இரண்டு நாட்டிலும் தொழில் நடத்தும் நிறுவனத்தின் ஊழியர் இரண்டு சட்டங்களுக்கும் பதில் சொல்ல வேண்டிவரலாம். அத்தோடு முடியவில்லை. அந்தத் தொகையைக் கணக்கில் "இதரச் செலவு" என்று எழுதிவைத்தால், கொடுத்தது விலக்குக்குள் வந்தாலும், கணக்கைத் திரித்து எழுதியது அதே அமெரிக்கச் சட்டத்தின் இன்னொரு பிரிவில் மாட்டலாம். பணத்தைக் கொடுத்தவர் மேலாளராக இருக்கலாம். அந்தப் பதிவைப் போட்டது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

கணக்காளர்களுக்கான பன்னாட்டு நெறித்தொகுப்பை மாணவப் பருவத்திலேயே ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். நாணயம், நடுநிலை, தொழில்திறனும் உரிய கவனமும், இரகசியம் காத்தல், தொழிலுக்கேற்ற நடத்தை என்று ஐந்து அடிப்படைகளை அது சொல்கிறது. அதைவிடப் பயனுள்ள பகுதி, இவற்றைக் குலைக்கும் ஐந்து ஆபத்துகளைப் பிரித்துக் காட்டுவது. தனக்கு ஆதாயம் இருப்பது, தான் முன்பு செய்த வேலையைத் தானே சரிபார்ப்பது, வாடிக்கையாளருக்காக வாதாடத் தொடங்கிவிடுவது, நெருங்கிய பழக்கம், மிரட்டல். இவற்றில் மிரட்டல் ஒன்றுதான் முகத்துக்கு நேராக வருகிறது. மற்ற நான்கும் வந்ததே தெரியாது. சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தின் கணக்கைத் தயாரித்தவரே இந்த ஆண்டு அதைத் தணிக்கை செய்கிறார் என்றால், அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது.

"மேலே இருப்பவர்கள்தானே பொறுப்பு, சின்ன ஊழியரை யார் பிடிக்கப் போகிறார்கள்?" என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமின் வழக்கைப் பார்த்தால் அது கலையும். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் லாபம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. செலவுக்காக ஒதுக்கி வைத்திருந்த தொகையிலிருந்து 82.8 கோடி டாலரைத் திருப்பிச் செலவைக் குறைத்துக் காட்டச் சொல்லி நடுத்தர நிலைக் கணக்காளர்களுக்கு உத்தரவு வந்தது. இந்த ஒரு தடவைதான் என்றார்கள். அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் எடுக்க மிச்சம் இல்லாதபோது, லாபம் கூடித் தெரிய, அன்றாடச் செலவையே சொத்து என்று எழுதச் சொன்னார்கள். 2002 ஜூனில் 380 கோடி டாலர் அளவுக்கு மோசடி வெளியே வந்தது. முழுவதையும் தோண்டியபோது சுமார் 1,100 கோடி. தலைமை நிர்வாகிக்கு 25 ஆண்டுச் சிறை. சொன்னபடி பதிவு போட்ட ஒரு பெண் கணக்காளருக்கும் ஐந்து மாதச் சிறை கிடைத்தது. தவறு என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. உத்தரவுக்குக் கட்டுப்பட்டேன் என்பது அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை.

பொறியியல் படித்தவர்களுக்கும் இதே கதைதான். சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைக் கார்களில் வைத்து, 2015இல் அம்பலமான ஃபோக்ஸ்வேகன் புகைச்சோதனை மோசடியில் அமெரிக்க நீதிமன்றம் ஒரு பொறியாளருக்கு 40 மாதச் சிறை விதித்தது. விற்பனைப் பக்கம் போகிறவர்கள் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். எட்ட முடியாத இலக்கு. அதை எட்ட, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறக்கப்பட்டன. விஷயம் 2016இல் வெடித்தபோது, அதற்கு முந்தைய ஐந்தாண்டில் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். பெரும்பாலோர் கிளைகளில் கீழ்மட்ட வேலை பார்த்தவர்கள்.

சரி, தவறான வேலை ஒன்றைச் செய்யச் சொன்னால் என்ன செய்வது? முதல் நாளே கொடி பிடிக்க வேண்டாம். பல நேரம் அது தவறாகவே இருக்காது. புதியவருக்கு முழு விவரம் தெரியாமல் இருக்கலாம். எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தப் பதிவுக்கு ஆதார ஆவணம் எது சார்? கோப்பில் இணைத்துவிடுகிறேன்." ஒழுங்கான வேலையாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் விலைப்பட்டியலோ ஒப்பந்தமோ வந்துவிடும். மோசடியாக இருந்தால் வேலை சொன்னவர் எரிச்சலாவார், அல்லது "அப்புறம் தருகிறேன்" என்பார். அன்று மாலைக்குள் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். நான்கு வரி போதும்: இன்ன தேதியில், இன்ன தொகைக்கு, இன்ன தலைப்பில் பதிவு போடச் சொன்னீர்கள், எனக்கு இன்ன ஆவணம் வரவில்லை, வந்ததும் முடித்துத் தருகிறேன். மோசடி, பொய் போன்ற சொற்கள் அதில் வரக் கூடாது. குற்றம் சாட்டுவது பிறகு யாரோ செய்ய வேண்டிய வேலை. இவருடைய வேலை, நடந்ததை நடந்த அன்றே பதிந்துவைப்பது. எழுத்தில் கேட்டதும் கோரிக்கை சத்தமில்லாமல் காணாமல் போவதும் உண்டு.

நல்ல பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ஆதாரம் வேண்டும் என்ற பதற்றத்தில் நிறுவனக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது இரகசிய ஒப்பந்த மீறல். புகாரை விட்டுவிட்டு அதைக் காரணம் காட்டியே வேலையிலிருந்து எடுத்துவிடலாம். கோப்பின் பெயர், எண், தேதி, அது எங்கே இருக்கிறது என்று தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதும். விசாரணை வரும்போது எடுக்க வேண்டியவர்கள் எடுப்பார்கள். இன்னொரு சறுக்கல் வாட்ஸ்அப் குழுவில் புலம்புவது. மூன்றாவது, முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு புகார் செய்வது. அது கூட்டாளி மனம் மாறியதாகவே பார்க்கப்படும்.

புகாருக்கும் ஒரு வரிசை இருக்கிறது. நேரடி மேலாளர், அவரே சம்பந்தப்பட்டிருந்தால் அவருக்கு மேலே, அடுத்து இணக்கப் பிரிவு (நிறுவனம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் பிரிவு), உள்தணிக்கை (நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் தணிக்கைக் குழு) அல்லது புகார்த் தொலைபேசி, கடைசியில் அரசுக் கண்காணிப்பு அமைப்பு. வெளியே போகும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுவது அவசியம், ஏனென்றால் சட்டப் பாதுகாப்பு புகார் போன வழியைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 நெறிமுறைப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் உள்ளேயே புகார் வழி வைத்திருக்க வேண்டும்; புகார் கிடைத்ததை ஏழு நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலோ, 2010 நிதிச் சீர்திருத்தச் சட்டம் பழிவாங்கலிலிருந்து தரும் பாதுகாப்பு, பங்குச்சந்தை ஆணையத்திடம் புகார் தந்தவருக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. உள்ளுக்குள் மட்டும் சொன்னவர் அந்தச் சட்டத்தைக் கை காட்ட முடியாது.

வேலைக்குச் சேரும் முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். நிறுவனம் ஆண்டறிக்கை வெளியிடுவதாக இருந்தால் முன்பக்கப் படங்களை விட்டுவிட்டுத் தணிக்கையாளர் அறிக்கைக்குப் போகச் சொல்லுங்கள். ஆட்சேபக் குறிப்பு இருக்கிறதா? தணிக்கையாளர் காலம் முடியும் முன்பே விலகினாரா? உரிமையாளர் குடும்பத்தின் பிற நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல்வாங்கல் எவ்வளவு? லாபம் ஆண்டுதோறும் ஏற, தொழிலிலிருந்து வரும் ரொக்கம் மட்டும் ஏறவில்லையா? கடைசிக் கேள்விக்கு நியாயமான காரணமும் இருக்கலாம். வேகமாக வளரும் நிறுவனம் கடனுக்கு விற்றால் அப்படித்தான் ஆகும். நேர்காணலில் கேட்க இரண்டு கேள்விகள்: இலக்கை எட்டாதவர்களை எப்படி நடத்துவீர்கள்? உள்தணிக்கைத் தலைவர் யாரிடம் அறிக்கை தருகிறார்? நிதித் தலைவரிடம் மட்டும் என்றால், அவரைப் பற்றிய புகாரை எங்கே கொண்டுபோவது?

இதையே தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இடம் இருக்கிறது. வேர்ல்ட்காமின் ஓட்டையைக் கண்டுபிடித்ததே அதன் உள்தணிக்கைக் குழுதான். உள்தணிக்கை, இணக்கப் பிரிவு, தடயக் கணக்கியல் (கணக்கில் மோசடித் தடயம் தேடுவது), பணச்சலவைத் தடுப்பு (கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுப்பது), தரவுத் தனியுரிமை என்று பல கதவுகள். ஆனால் "வணிக நெறி" என்ற பெயரில் மட்டும் ஒரு பட்டம் வாங்கினால் முதல் வேலை கிடைப்பது கடினம் என்பது என் கணிப்பு. கணக்கியலோ சட்டமோ தரவுப் பகுப்பாய்வோ ஒன்று கைவசம் இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டு சலிப்பாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பணச்சலவைத் தடுப்பில் புதியவரின் நாள், கணினி எழுப்பும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மூடுவதிலேயே போகும், பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. ஏன் மூடினோம் என்று மூன்று வரியில் தெளிவாக எழுதத் தெரிந்தவரே மேலே போகிறார். மூன்று தாள்கள் கொண்ட சான்றிதழ் பெற்ற உள்தணிக்கையாளர் தேர்வு போன்றவற்றுக்கு அனுபவமும் தேவை. படிக்கும்போதே கடன் வாங்கிக் கட்டணம் கட்ட அவசரம் இல்லை. வேலைக்குச் சேர்ந்தபின் நிறுவனமே கட்டணத்தை ஏற்பதும் உண்டு.

இனி உங்கள் பங்கு. தற்குறிப்பில் இல்லாத ஆறு மாத அனுபவத்தைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். இந்தத் துறையில் பின்னணிச் சோதனை மற்ற துறைகளைவிடக் கடுமை. பல ஆண்டு கழித்துத் தெரிந்தாலும் வேலை போகும். முதல் சம்பளம் வந்ததும் அதை நம்பி வீட்டுக்கடனோ காரோ வாங்க வைக்காதீர்கள். மாதத் தவணை கழுத்தில் தொங்கும்போது "ஆவணம் இல்லாமல் போட மாட்டேன் சார்" என்ற வாக்கியம் வாயில் வராது. முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணம் அவர் பெயரில் வங்கியில் சேரட்டும். வேறு எதற்கும் அதைத் தொட வேண்டாம்.