டி.ஜி.சி.ஏ. பற்றிக் கேளுங்கள்

டி.ஜி.சி.ஏ. என்பது நம் நாட்டில் விமானங்களுக்கும் விமானிகளுக்கும் விதி போடும் அரசு அமைப்பு. நான் விமான நிலைய டவரில் கன்ட்ரோலராகப் பல வருடம் இருந்தவன். விமானப் பாதுகாப்பு, பயிற்சி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பைலட் ஆக ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டும் முன் மருத்துவச் சான்று வாங்குங்கள். டி.ஜி.சி.ஏ. விதிப்படி முதலில் இரண்டாம் வகுப்பு, அப்புறம் முதல் வகுப்பு. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். லட்சக்கணக்கில் கட்டிய பிறகு நிறக்குருடு என்று தெரிந்து உடைந்துபோன ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கேள்வி: போகியன்று சென்னையில் ஏன் இத்தனை விமானங்கள் தாமதம்?

பழைய டயரும் பாயும் எரிந்த புகை பனியோடு சேர்ந்துகொள்ளும். டவர் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் சாம்பல் நிறம், ஓடுபாதை விளக்கு நாலைந்துதான் கண்ணில் படும். ஓடுபாதையில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளக்க பெங்களூருவில் உள்ள விமான ஆராய்ச்சி நிறுவனமான என்.ஏ.எல். 'திருஷ்டி' என்ற கருவியை உருவாக்கியது. ஒரு முனையிலிருந்து விடும் ஒளியில் மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்து, மீட்டர் கணக்கில் சொல்லிவிடும். கேட்-1 என்ற சாதாரண வகைத் தரையிறக்கத்துக்குக் குறைந்தது 550 மீட்டர் தெரிய வேண்டும். கருவி என்.ஏ.எல். செய்தது, எந்த அளவுக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்ற விதி டி.ஜி.சி.ஏ.வுடையது.

கேள்வி: டிக்கெட் பணம் திரும்ப வரவில்லை.

விமான நிறுவனத்திடம் கேளுங்கள், நடக்காவிட்டால் அரசின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் போடுங்கள்.

கேள்வி: மங்களூரு விபத்தில் கேப்டன் தூங்கினார். தப்பு அவருடையது, இதில் விதி என்ன செய்யும்?

2010 மே 22, இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் விழுந்தது, 158 பேர் போனார்கள், 8 பேர்தான் பிழைத்தார்கள். விமானி அறை ஒலிப்பதிவில் 1 மணி 40 நிமிடத்துக்குப் பேச்சே இல்லை, குறட்டைச் சத்தம் கேட்டது. ஆழ்ந்து தூங்கி எழுந்த மூளை உடனே தெளியாது. துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மேலே ஏறுங்கள், என்றார், கேப்டன் இறங்கினார். தூக்கம் கலையாத கேப்டனைத் துணை விமானி தடுக்கப் பழக்கியிருக்க வேண்டும், அது பயிற்சியின் வேலை.

அதே நபர்: அப்போ யாரையுமே குற்றம் சொல்ல மாட்டீர்களா?

சொல்ல மாட்டேன். விசாரணையின் வேலை அடுத்த விபத்தைத் தடுப்பது. 2012-இல் ஏ.ஏ.ஐ.பி. என்று விமான விபத்துகளுக்கான தனி விசாரணை அமைப்பே வந்தது, விதி போடுபவரே விபத்தையும் விசாரித்தால் தன் குறையை எப்படி எழுதுவார்? 2024-இல் திருத்திய விதி விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கியது, இரவுத் தரையிறக்கங்களை 6-லிருந்து 2 ஆகக் குறைத்தது. சோர்வு ஒருவரின் ஒழுக்கக்கேடு என்று நினைத்திருந்தால் இந்த விதியே வந்திருக்காது.

கேள்வி: பைலட் ஆக என்ன செய்யணும்?

இதே கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி: சார், அட்வான்ஸ் கட்டிட்டேன், மெடிக்கல் இனிமேதான்.

மீதிப் பணத்தை நிறுத்துங்கள். நாளைக்கே டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள டாக்டரிடம் போங்கள், கண்ணாடி போடுபவராக இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.