ரிலே டெஸ்டுக்கு எந்த சுவிட்ச் போடலாம்?

சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையின் மின் வேலைகளைப் பார்க்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: 33 கேவி பிரேக்கர் பனலில் கோளாறு வந்தால் பிரேக்கரை விழச் சொல்கிற ரிலேயை ஒவ்வொரு முறை டெஸ்ட் செய்யும்போதும் டெர்மினலில் வயரைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கு, பேசாமல் ஒரு ரோட்டரி (திருகுகிற) சுவிட்ச் போட்டு வெட்டிவிட்டால் என்ன?

சுவிட்ச் நல்ல யோசனை, ரோட்டரி வேண்டாம். பிரேக்கரை விழவைக்கிற ட்ரிப் வயரையும் வோல்டேஜ் வயரையும் வெறுமனே திறந்தால் போதும், ஆனால் லைன் கரண்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கிற கரண்ட் ட்ரான்ஸ்போமரிலிருந்து வருகிற வயர்களை, சீ.ரீ. என்போமே, அவற்றை லைன் ஓடும்போது திறக்கவே கூடாது. திறந்தால் பிரைமரி (லைன் பக்க) கரண்ட் முழுவதும் உள்ளே இருக்கிற இரும்புக் கோரைக் காந்தமாக்கப் போய், திறந்த முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறலாம், கை பட்டால் உயிர் போய்விடும். அதனால் முதலில் சீ.ரீ. வயர்களை ஒன்றோடொன்று இணைத்து ஷோர்ட் பண்ணி, பிறகு ரிலேயைப் பிரிக்கிற டெஸ்ட் பிளாக்தான் வேண்டும்.

அதில் இரண்டு வகை. ஏபிபி கம்பனியின் எஃப்டி-1 போன்றதில் ஒவ்வொரு கத்தியையும் (சுவிட்ச் தகட்டை) தனித்தனியாகத் திறக்கலாம், ஆனால் வரிசை உங்கள் கையில்: முதலில் ட்ரிப், அப்புறம்தான் மற்றவை. ஆர்டிஎக்ஸ்பி என்கிற மாடல் போன்றதில் பிளக்கைச் செருகினாலே ட்ரிப் வெட்டுப்பட்டு, சீ.ரீ. ஷோர்ட் ஆகி, வோல்டேஜ் பிரிந்துவிடும், இழுத்தால் எல்லாம் பழையபடி. ஆலைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரு ட்ரிப் கத்தி திறந்தபடியே மறந்துபோனால், ஃபோல்ட் (கோளாறு) வரும்போது ரிலே வேலை செய்தும் பிரேக்கர் விழாது, உங்கள் ட்ரான்ஸ்போமர்தான் எரியும்.

வாங்கும்போது ஏசி ரேட்டிங்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ட்ரிப் சர்க்கிட் டிசி, 30 அல்லது 110 வோல்ட், திறக்கும்போது எழும் டிசி ஆர்க் (மின்பொறி) ஏசி போலத் தானாக அணையாது. சீ.ரீ. 100/5 என்றால் 4000 அம்பியர் ஃபோல்டில் செகண்டரியில் (ரிலே பக்கம்) 200 அம்பியர் வரை பாயலாம், அந்தக் குறுகிய நேர ரேட்டிங்கையும் கேளுங்கள். கல்முனை, காத்தான்குடிப் பக்கம் கடற்கரையோரம் இருக்கிறவர்கள் வெள்ளி பூசிய கொன்டாக்டும் பனல் ஹீட்டரும் இல்லாமல் எடுக்க வேண்டாம், உப்புக்காற்று கொன்டாக்டைத் தின்றுவிடும்.

ட்ரிப் வெட்டியிருக்கும்போது உங்கள் பனலுக்குக் காவல் மேலே மின்சாரம் தருகிறவர்களின் லைனில் இருக்கிற பாதுகாப்பு மட்டும்தான். ஆகவே பெரும்போக நெல் வந்து குவிகிற நேரத்தில் ஓட்டத்தோடு டெஸ்ட் செய்யாமல், ஆலையை நிறுத்தியே செய்யுங்கள், முடிந்ததும் ரிலேயிலிருந்து ஒருமுறை பிரேக்கரை உண்மையாகவே ட்ரிப் பண்ணிப் பாருங்கள்.

வயரிங்கில் ஒன்று: சீ.ரீ. எர்த் ஒரே இடத்தில், பிளாக்குக்கு சீ.ரீ. பக்கமாக இருக்கட்டும். ரிலே பக்கம் வைத்தால் பிளக் செருகியதும் எர்த்தும் போய்விடும்.