காக்கா எப்போது காக்கா ஆச்சு? – வாசகர் கேள்விகள்

காக்கா, மைனா, சிட்டுக்குருவி எல்லாம் அடங்கிய பெரும் பிரிவு தோன்றி 8 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இன்னொன்று 5 கோடிகூட ஆகவில்லை என்கிறது. எதைத்தான் நம்புவது சார்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

இரண்டாவதை நம்புங்கள். முதல் கட்டுரையில் இருப்பது பழைய கணக்கு.

இரண்டு பறவைகளின் டி.என்.ஏ.வில் எத்தனை இடம் மாறியிருக்கிறது என்று எண்ணினால் அவை பிரிந்து எவ்வளவு காலம் ஆச்சு என்று சொல்லிவிடலாம். 1960களில் ஸுக்கர்கேண்டலும் லைனஸ் பாலிங்கும் கொடுத்த யோசனை இது, பெயர் மூலக்கூறு கடிகாரம். ஆனால் டி.என்.ஏ. வித்தியாசத்தைத்தான் காட்டும், வருஷத்தைக் காட்டாது. அதனால் பறவைகளின் வம்ச மரத்தில் ஏதாவது ஒரு கிளையில், வேறு வழியில் தெரிந்த ஒரு தேதியைக் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும், அந்த முடிச்சு தப்பான இடத்தில் விழுந்தால் மேலே கீழே உள்ள எல்லாத் தேதியும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

நடந்ததும் அதுதான். நியூசிலாந்தில் ரென் என்று குட்டியாக, வாலே இல்லாத மாதிரி ஒரு பறவை இனம் உண்டு. நீங்கள் கேட்ட பெரும் பிரிவில் மற்ற எல்லாரையும் விட்டு முதலில் விலகிய கிளை அதுதான். நியூசிலாந்து நிலம் கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்திலிருந்து கழன்றது சுமார் 8.2 கோடி ஆண்டுகளுக்கு முன். சரி, நிலம் பிரிந்தபோதே பறவையும் பிரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு 2000களின் தொடக்கத்தில் சிலர் கணக்குப் போட்டார்கள், மொத்தப் பிரிவும் டைனோசர் காலத்துக்குப் போய்விட்டது. ஏன், பறவை பிற்பாடு பறந்து வந்திருக்கக் கூடாதா? 1850களில் ஆஸ்திரேலியாவின் வெள்ளைக்கண்ணிக் குருவி, பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும், நம் ஏற்காட்டில் பார்க்கிற வெள்ளைக்கண்ணியின் நெருங்கிய சொந்தம், யாரும் கூண்டில் வைத்துக் கொண்டுபோகாமல் ஏறத்தாழ 2,000 கி.மீ. டாஸ்மன் கடலைத் தாண்டி நியூசிலாந்தில் போய்க் குடியேறிவிட்டது. நிலம் பிரிந்த தேதியைப் பறவையின் தேதியாக எடுத்தது ஆரம்பத்திலேயே துணிச்சல்தான் என்பது என் அபிப்பிராயம்.

2019இல் இந்தப் பிரிவின் 137 பறவைக் குடும்பங்களின் டி.என்.ஏ.வை எடுத்து, நிலத்தை விட்டுவிட்டுப் புதைபடிவங்களில் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். சுமார் 4.7 கோடி ஆண்டு, இடம் ஆஸ்திரேலிய நிலப்பகுதி என்று வந்தது.

குடும்பம் தோன்றிய காலம் என்பதற்கே ஸ்டெம், கிரவுன் என்று இரண்டு வயது சொல்கிறார்கள். புராஜக்டில் எதைப் போடுவது?
– ஒரு கல்லூரி மாணவி, திருவான்மியூர்

இரண்டையும் போடுங்கள், எது எது என்று எழுதி. பெரும்பாலான குழப்பம் இதில்தான்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவும் அவர் தம்பியும் சொத்தைப் பிரித்துக்கொண்டு தனிக்குடும்பமாகப் போன நாள் ஒன்று. இன்று உயிரோடு இருக்கிற உங்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகளுக்கெல்லாம் பொதுவான தாத்தா பிறந்த நாள் இன்னொன்று. முதலாவது ஸ்டெம், இரண்டாவது கிரவுன். காக்கா குடும்பம் அதன் நெருங்கிய உறவான கீச்சான் குடும்பத்தைவிட்டுப் பிரிந்தது ஸ்டெம் வயது. இன்றுள்ள காக்காக்கள், வால்காக்கை, மேக்பை, ஜே எல்லாவற்றுக்கும் பொதுவான கடைசி மூதாதை வாழ்ந்தது கிரவுன் வயது. நடுவில் வாரிசில்லாமல் அற்றுப்போன கிளைகள் எத்தனை வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

உதாரணத்துக்கு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மர்கன் என்ற இடத்தில் சில துண்டு எலும்புகள் கிடைத்தன, 1995இல் அறிவித்தார்கள். கிளையில் அமரும் பறவையின், அதாவது மேலே சொன்ன பெரும் பிரிவுப் பறவையின், எலும்பு மாதிரி இருக்கிறது என்றார்கள், வயது 5.4 கோடிக்கும் மேல். மேலே சொன்ன 4.7 கோடியோடு இது மோதுகிறதே என்று தோன்றும். 4.7 என்பது கிரவுன். அந்த எலும்பு ஸ்டெம் பக்கத்துப் பறவையுடையது என்றால் மோதலே இல்லை.

அப்புறம், கடிகாரம் எல்லாப் பறவையிலும் ஒரே வேகத்தில் ஓடாது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சீக்கிரம் பெரிதாகி சீக்கிரம் முட்டையிடுகிற சின்னப் பறவைகளில் மாற்றங்கள் பொதுவாக வேகமாகச் சேரும். அதனால்தான் நல்ல கட்டுரை எதுவும் ஒற்றை எண்ணோடு நிற்காது, இதிலிருந்து இதற்குள் என்று ஒரு வரம்பையும் தரும். வரம்பை விட்டுவிட்டு நடு எண்ணை மட்டும் எழுதினால் உங்கள் மேடம் மார்க்கைக் குறைப்பார், குறைக்கவும் வேண்டும்.

எங்கள் மலையில் தோண்டினால் பழைய காக்கா எலும்பு கிடைக்குமா அங்கிள்?
– ஏழாம் வகுப்பு மாணவர், பல்லாவரம்

கிடைக்காது தம்பி. உங்கள் பல்லாவரம் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர், வயது சுமார் 250 கோடி ஆண்டு, பூமிக்கு அடியில் பெரும் வெப்பத்தில் உருவானது. அப்போது பறவை என்ன, மீன்கூடக் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் இலைப் படிவங்கள் உண்டு, அவையும் டைனோசர் காலத்தவை, காக்காவுக்கு ரொம்ப முந்தி.

எலும்பு கிடைத்த இடம் பிரான்சில் சான்சான். அங்கே கிடைத்த மயோகார்வஸ் என்ற காக்கா குடும்பத்துப் பறவைக்கு வயது ஏறத்தாழ 1.3 முதல் 1.5 கோடி ஆண்டு. ஆனால் காக்கா குடும்பம் அன்றைக்குத்தான் பிறந்தது என்று இதற்கு அர்த்தமில்லை, குறைந்தது அவ்வளவு பழசு, அவ்வளவுதான். பறவை எலும்பு மெல்லிசு, உள்ளே காலி, மண்ணில் புதைவதற்குள் நொறுங்கிவிடும். முதல் காக்காவே கைக்குக் கிடைக்கும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

குயில், கரிச்சான் இரண்டும் கறுப்பு. காக்காவுக்குச் சொந்தமா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

குயில் ஒட்டே இல்லை, காக்கா கூட்டில் முட்டையிடுவதோடு சரி. கரிச்சான் தூரத்துச் சொந்தம். கறுப்பை வைத்துப் பார்க்காதீர்கள். ஒரே குடும்பம் என்றால் வால்காக்கைதான். உடம்பு செம்பழுப்பு, தலை கருஞ்சாம்பல், நீளமான சாம்பல் வால், நுனி மட்டும் கறுப்பு. அடையாறு பக்கம் பெரிய மரங்களில் காலையில் பாருங்கள், ஆளைவிடக் குரல்தான் முதலில் வரும்.