எடின்பரோ அவையில் ஒரு புதன்கிழமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் எடின்பரோவில் முதுகலை படிக்கிறாள். ஒரு புதன்கிழமை பிற்பகல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து அவை நடவடிக்கைகளைப் பார்த்திருக்கிறாள். விவாதம் நடந்தபோது பாதிக்கு மேற்பட்ட இருக்கைகள் காலியாக இருந்தனவாம். ஐந்து மணிக்கு எல்லோரும் வந்து அமர்ந்து அடுத்தடுத்து வாக்களித்தார்களாம். அதைவிட, தீர்மானத்தைக் கொண்டுவந்த எதிர்க்கட்சியினரே கடைசியில் அதற்கு எதிராக வாக்களித்ததுதான் அவளுக்குப் புரியவில்லை. இது என்ன நடைமுறை? (திருச்சியிலிருந்து ஒரு பேராசிரியை)

பதில்: உங்கள் மகள் பார்த்தது அந்த அவையின் வழக்கமான நாள்களில் ஒன்று. ஹாலிரூட் என்று அழைக்கப்படும் அந்த நாடாளுமன்றத்தில் 129 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள்களில் பெரும்பாலும் பிற்பகல்களில் முழு அவை கூடும். காலை நேரம் குழுக்களுக்கு உரியது. புதன்கிழமை முதலில் துறைவாரியான கேள்வி நேரம் வரும். அதன்பின் பெரும்பாலும் எதிர்க்கட்சிகளுக்கென ஒதுக்கப்பட்ட விவாதங்கள் நடக்கும். ஆண்டொன்றுக்கு 16 அரை நாள்களை ஆளுங்கட்சி அல்லாத கட்சிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று அவை விதிகளே சொல்கின்றன. அந்த அரை நாளில் எதைப் பேசுவது என்பதை எதிர்க்கட்சியே முடிவு செய்யும். அரசு அதைத் தடுக்க இயலாது.

இருக்கைகள் காலியாக இருந்ததற்குக் காரணம், வாக்கெடுப்பு விவாதத்தின் முடிவில் நடப்பதில்லை என்பதுதான். அன்று பேசப்பட்ட எல்லாத் தீர்மானங்களும் மாலை ஐந்து மணியளவில் ‘முடிவு நேரம்’ என்ற ஒரே பொழுதுக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன. நள்ளிரவு வரை இழுத்தடிக்கும் லண்டன் நாடாளுமன்ற மரபு வேண்டாம், குழந்தைகளை வளர்ப்போரும் அரசியலில் நிலைக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 1999இல் தொடங்கிய இந்த அவை தன் வேலை நேரத்தை அமைத்துக்கொண்டது. அந்த நோக்கத்தை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன். ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. மூன்று மணிக்கு எழுந்த ஒரு நல்ல வாதத்தைக் கேட்காமலே ஐந்து மணிக்கு அதைப் பற்றி வாக்களிக்க முடிகிறது. கேட்டவரின் மனம் மாறுவதற்கான வாய்ப்பு இங்கே குறைந்துபோகிறது என்பது என் கருத்து.

இனி, கொண்டுவந்தவர்களே எதிர்த்து வாக்களித்த விந்தைக்கு வருகிறேன். எடுத்துக்காட்டாக, மருத்துவமனைகளில் நோயாளிகள் காத்திருக்கும் காலம் நீண்டுவிட்டது, அதற்கு அரசே பொறுப்பு என்று ஓர் எதிர்க்கட்சி தீர்மானம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு அதை நேராக எதிர்ப்பதற்குப் பதிலாக ஒரு திருத்தம் கொடுக்கும். முதல் சில சொற்களை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சிய அனைத்தையும் நீக்கி, மருத்துவப் பணியாளர்களின் உழைப்பைப் பாராட்டியும் அரசு ஒதுக்கிய நிதியை வரவேற்றும் எழுதிய வாசகத்தை அவ்விடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அந்தத் திருத்தம். மற்றக் கட்சிகளும் தத்தம் திருத்தங்களைக் கொடுப்பார்கள். மாலையில் திருத்தங்களே முதலில் வாக்குக்கு வரும். அரசின் திருத்தம் நிறைவேறிவிட்டால், அது அழித்துவிட்ட வாசகத்தின் மேல் நிற்கும் பிற திருத்தங்கள் தாமாகவே விழுந்துவிடும். கடைசியில் ‘திருத்தப்பட்ட தீர்மானம்’ வாக்குக்கு விடப்படும். அப்போது அதில் எஞ்சியிருப்பது எதிர்க்கட்சி எழுதிய வாசகம் அன்று, அரசு எழுதிய வாசகம். கொண்டுவந்தவர்கள் எதிர்ப்பதில் ஆச்சரியம் என்ன?

அவைத்தலைவர் ஒவ்வொரு வாசகத்தையும் படித்து, “ஏற்கிறோமா?” என்று கேட்பார். யாரேனும் ஒருவர் “இல்லை” என்று குரல் கொடுத்தால் போதும், எண்ணி வாக்கெடுக்கத்தான் வேண்டும். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் உறுப்பினர்கள் அவைக்கு வெளியிலிருந்தும் கைப்பேசிச் செயலி வழியே வாக்களிக்கலாம். செயலி இணையாமல் போனவர், ஒழுங்குப் பிரச்சினை எழுப்பி, “இணைப்புக் கிடைத்திருந்தால் ஆம் என்று வாக்களித்திருப்பேன்” என்று சொல்வதும், அவைத்தலைவர் அதைப் பதிவு செய்ய ஆணையிடுவதும் அங்கே அன்றாடம் கேட்கும் சொற்கள். யார் எப்படி வாக்களித்தார் என்ற பெயர்ப்பட்டியல் அன்றிரவே அவைக்குறிப்பில் வெளியாகிவிடும். மாடத்தில் அமர்ந்து பார்த்த நேரத்தைவிட அந்தக் குறிப்பைப் படிக்கும் நேரம் உங்கள் மகளுக்கு அதிகம் சொல்லும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: இப்படி நிறைவேறும் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது என்றால் இத்தனை நேரம் செலவிடுவது எதற்கு? (சேலத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்)

பதில்: சட்டப்படி கட்டுப்படுத்தாது. சட்ட முன்வடிவு வேறு, அவையின் கருத்தைச் சொல்லும் தீர்மானம் வேறு. பின்னது நிறைவேறினாலும் நீதிமன்றத்துக்குச் சென்று நிறைவேற்றித் தரும்படி கேட்க இயலாது. ஆனால் அதன் கனம் அவ்வளவுதான் என்று முடித்துவிட முடியாது. ஒரே கட்சியின் ஆட்சியில் வெவ்வேறு காலங்களில் நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

2007ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி முதன்முறையாக ஆட்சிக்கு வந்தது. அதற்கு இருந்த இடங்கள் 47 மட்டுமே. எடின்பரோ நகரின் டிராம் திட்டத்தைக் கைவிடுவோம் என்பது அந்தக் கட்சியின் வாக்குறுதி. ஜூன் மாத இறுதியில் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து, திட்டம் தொடர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றின. அரசு நினைத்திருந்தால் அதைப் புறக்கணித்திருக்கலாம். புறக்கணிக்கவில்லை. அவையின் முடிவை ஏற்றுக்கொண்டு, 50 கோடி பவுண்டுக்கு மேல் ஒரு காசும் தரமாட்டோம் என்ற நிபந்தனையுடன் பணத்தை விடுவித்தது. அந்த டிராம் பல ஆண்டுகள் தாமதமாக 2014இல்தான் ஓடத் தொடங்கியது. செலவு 77 கோடி பவுண்டைத் தாண்டியது. பின்னாளைய கணக்கை வைத்துப் பார்த்தால் அரசின் அச்சம் நியாயமானதே. ஆயினும் தான் தவறென்று கருதிய ஒன்றை, அவை சொன்னது என்பதற்காகவே ஓர் அரசு செய்தது என்பதை நான் இன்றும் மதிப்புடன் நினைக்கிறேன்.

2020ஆம் ஆண்டு நவம்பரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. முன்னாள் முதலமைச்சர் ஒருவர்மீது வந்த புகார்களைக் கையாண்ட முறை தொடர்பான வழக்கில் அரசு தோற்றிருந்தது. அந்த வழக்கில் அரசுக்குக் கிடைத்த சட்ட ஆலோசனையை வெளியிட வேண்டும் என்று அவை ஒரே மாதத்தில் இரண்டு முறை தீர்மானம் நிறைவேற்றியது. சட்ட ஆலோசனை இரகசியமாக இருக்க வேண்டும் என்ற மரபைக் காட்டி அரசு மறுத்தது. அந்த மரபுக்கும் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். அடுத்த ஆண்டு மார்ச்சில், துணை முதலமைச்சர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும் என்ற நிலை எழுந்த பிறகே ஆவணங்கள் வெளிவரத் தொடங்கின. கருத்துத் தீர்மானத்தால் ஆகாதது, பதவியைத் தொடும் தீர்மானத்தின் நிழல் விழுந்ததும் ஆயிற்று. ஆக, அரசு பெரும்பான்மை பெற்றிருக்கிறதா, அவையின் சொல்லுக்கு அஞ்சுகிறதா என்பவையே ஒரு தீர்மானத்தின் கனத்தை முடிவு செய்கின்றன.

கேள்வி: வாக்குகள் சரிசமமாகப் பிரிந்தால் யார் முடிவு செய்வது? (காரைக்குடியிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: அவைத்தலைவர். பதவியேற்றதும் கட்சித் தொடர்பைத் துறந்துவிடும் அவர் வழக்கமாக வாக்களிப்பதில்லை. சமநிலை வந்தால் மட்டும் வாக்களிப்பார். இருக்கும் நிலையை மாற்றப் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்பதால், மாற்றத்துக்கு எதிராக வாக்களிப்பது மரபு. 2009 ஜனவரியில் ஏறத்தாழ 3,300 கோடி பவுண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்துக்கு 64 பேர் ஆதரவாகவும் 64 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அவைத்தலைவர் அலெக்ஸ் பெர்குசன் மரபுப்படி எதிராக வாக்களிக்க, ஒரு நாட்டின் வரவுசெலவுத் திட்டமே வீழ்ந்தது. அடுத்த வாரம் பேச்சுவார்த்தைக்குப் பின் அது மீண்டும் வந்தபோது ஆதரவு 123, எதிர்ப்பு 2.

கேள்வி: ஸ்காட்லாந்து அவைக்கு வெளியுறவிலும் பாதுகாப்பிலும் அதிகாரம் இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் அவற்றைப் பற்றியும் விவாதிக்கிறார்கள்? லண்டன் நினைத்தால் இந்த அவையின் முடிவை மீற முடியுமா? (மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு விடை எளிது. 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம், சட்டம் இயற்றும் அதிகாரத்துக்குத்தான் எல்லை வகுக்கிறது; பேசும் உரிமைக்கு எல்லை வகுக்கவில்லை. சுகாதாரம், கல்வி, காவல், நீதி, வேளாண்மை, வீட்டுவசதி முதலியவை எடின்பரோவின் கையில் இருக்கின்றன. வெளியுறவு, பாதுகாப்பு, நாணயம், குடியேற்றம் முதலியவை லண்டனிடம் இருக்கின்றன. 2023 நவம்பரில் காசாவில் உடனடிப் போர்நிறுத்தம் வேண்டும் என்று இந்த அவை பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற்றியது. அதனால் ஐக்கிய இராச்சியத்தின் வெளியுறவுக் கொள்கை மாறிவிடாது என்பதை வாக்களித்தவர்கள் அறிவார்கள். தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களின் மனத்தைப் பதிவு செய்வதும் அவையின் பணி என்று அவர்கள் கருதினார்கள். நானும் அப்படியே கருதுகிறேன்.

இரண்டாம் கேள்விதான் கடினமானது. எடின்பரோவின் அதிகாரத்துக்குள் வரும் ஒன்றில் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற விரும்பினால், முதலில் ஸ்காட்லாந்து அவையின் இசைவைக் கேட்பது வழக்கம். அதற்கென ‘இசைவுத் தீர்மானம்’ என்ற தனிவகைத் தீர்மானம் இருக்கிறது. 1998இல் லண்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் இந்த உறுதியைத் தந்த சீவல் பிரபுவின் பெயரால் இது சீவல் மரபு எனப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் இந்த மரபை எழுத்திலும் கொண்டுவந்தது. ஆனால் இசைவின்றிச் சட்டம் இயற்றாது என்று திட்டமாகச் சொல்லாமல், ‘வழக்கமாக’ இயற்றாது என்றே சொன்னது. அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. இது அரசியல் மரபுதான், நீதிமன்றம் இதை நிறைவேற்றித் தர இயலாது என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 மே மாதம், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கான சட்ட முன்வடிவுக்கு இசைவு தர மறுத்து அவை 93க்கு 30 என்ற கணக்கில் வாக்களித்தது. ஆளுங்கட்சியோடு தொழிற்கட்சி, பசுமைக் கட்சி, தாராளவாத ஜனநாயகக் கட்சி ஆகியனவும் சேர்ந்து எடுத்த முடிவு அது. லண்டன் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த மாதமே சட்டத்தை நிறைவேற்றிவிட்டது.

இதற்கு மேலும் ஒரு கருவி லண்டனிடம் இருக்கிறது. ஸ்காட்லாந்து சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, அவை நிறைவேற்றிய முன்வடிவு அரச ஒப்புதலுக்குப் போகாமல் தடுக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் எவரும் தொடாத அந்தப் பிரிவு, ஒருவர் தம் பாலினத்தைச் சட்டப்படி மாற்றிக்கொள்வதை எளிதாக்கும் பாலின அங்கீகாரச் சீர்திருத்த முன்வடிவைத் தடுப்பதற்காக 2023 ஜனவரியில் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. அந்த முன்வடிவைப் பற்றி ஸ்காட்லாந்து மக்களிடமே கடும் கருத்து வேறுபாடு உண்டு. நான் இங்கே பேசுவது அதன் நன்மை தீமையைப் பற்றி அன்று, பகிர்ந்து தரப்பட்ட அதிகாரத்தின் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றி.

இங்கே ஒன்றை மனத்தில் பட்டபடி சொல்லிவிடுகிறேன். 2018இல் தன் அவையின் சொல்லை லண்டன் மதிக்கவில்லை என்று எடின்பரோ அரசு வருந்தியது. அந்த வருத்தம் நியாயமானது. 2020இல் அதே அவையின் சொல்லை அதே கட்சியின் அரசு இரண்டு முறை தட்டிக்கழித்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது, சட்ட நிலைகள் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மாடத்திலிருந்து பார்க்கும் குடிமகனுக்கு, எண்ணி எடுத்த வாக்கு இரண்டு இடங்களிலும் ஒன்றுபோலவே ஒதுக்கப்பட்டதாகத் தோன்றும். அவனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

கேள்வி: வாக்கெடுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் பத்துப் பதினைந்து பேர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்று என் பேரன் எழுதியிருக்கிறான். அது என்ன? சாதாரண மக்கள் அங்கே ஒரு குறையைக் கொண்டுபோக முடியுமா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அது தனி உறுப்பினர்களின் நேரம். ஓர் உறுப்பினர் தம் தொகுதியின் குறையையோ, ஒரு நோயைப் பற்றிய விழிப்புணர்வையோ, ஊரில் நற்பணி செய்யும் ஒரு சங்கத்தையோ பற்றித் தீர்மானம் கொடுத்து, பிற கட்சியினரின் ஆதரவுக் கையொப்பமும் பெற்றிருந்தால், முக்கால் மணி நேரம் போல அதை விவாதிக்கலாம். முடிவில் வாக்கெடுப்பு இல்லை. ஆனால் ஓர் அமைச்சர் அமர்ந்து கேட்டு, எழுந்து பதில் சொல்ல வேண்டும். எண்ணிக்கைப் போட்டி இல்லாத காரணத்தால் இந்த நேரத்தில்தான் உறுப்பினர்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் உண்மையாகக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை: முடியும், ஒரே ஒரு கையொப்பம் போதும். ஆயிரம் பேர் சேர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மனுக்களை ஆராய்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. 2014இல், தளர்ந்த உறுப்புகளைத் தாங்குவதற்காக உடலுக்குள் வைக்கப்பட்ட அறுவைசிகிச்சை வலைகளால் தீராத வலிக்கு ஆளான பெண்கள் சிலர் அந்தக் குழுவின் முன் மனுக் கொடுத்தார்கள். நடக்க இயலாமல் சக்கர நாற்காலியில் வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் அலெக்ஸ் நீல், அந்த வலைகளைப் பொருத்துவதை நிறுத்திவைக்குமாறு மருத்துவ நிர்வாகங்களைக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்ட பிறகும் சில இடங்களில் அது தொடர்ந்தது. கட்சி வேறுபாடின்றிச் சில உறுப்பினர்கள் ஆண்டுக்கணக்கில் கேள்விகள் எழுப்பினார்கள், விவாதங்கள் நடத்தினார்கள். 2018இல் அவற்றின் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. ஏற்கெனவே தம் சொந்தப் பணத்தில் வலையை அகற்றிக்கொண்ட பெண்களுக்கு அந்தச் செலவைத் திருப்பித் தரும் சட்டம் 2022இல் நிறைவேறியது. மனுக் கொடுத்த நாளிலிருந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.